கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஷிப்டு போட்டேன்

பண்டிகை என்றாலே மகிழ்ச்சி என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் பெரும்பாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். இலைக்கு அந்தப் பக்கம் வாளியோடு குனிந்து நிற்பவளைக் கேட்டால் வேறு பதில் வரும். (கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும்.)

இவ்வளவு துணிச்சலாகப் பேசுகிற நான், ஒரு காலத்தில் பண்டிகையால் வருகிற மன அழுத்தத்தை ஒழித்துக்கட்டுகிறேன் என்று புறப்பட்டு, ஒரே மதியத்தில் ஒரு தெருவையே கலவரப்படுத்தியவள். அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் எவ்வளவு பெரிய அறிவாளியாக நடந்துகொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கல்யாணமாகி ஏழு வருடம். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு, பன்னிரண்டு வீடு. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஹைவேயில் வந்து நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடும். எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "இன்னா ஷிப்டு" என்றுதான் கேட்பார்கள். என் கணவர் அருள் ஓர் இரும்பு ஆலையில் கிரேனுக்குக் கீழே நின்று விசில் ஊதுகிறவர். தலைக்கு மேலே பாரம் நகரும்போது அவர் ஊதினால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் விலகிவிட வேண்டும். நான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு லைன் லீடர். பதினெட்டுப் பெண்களுக்கு வாராவாரம் ஷிப்டு சார்ட் போடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. (கொஞ்சம் என்பது நான் சொல்வது. அருளைக் கேட்டால் வேறு அளவு காட்டுவார்.)

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீடுகளிலிருந்து எங்களுக்குப் பலகாரம் தட்டுத் தட்டாக வரும். ரம்ஜானுக்கு முனை வீட்டு மும்தாஜ் அக்கா தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார். பழவேற்காட்டிலிருந்து வந்து கூட்டுரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம் அது. இதற்கெல்லாம் பதிலாக, கிறிஸ்துமஸ் மதியம் பன்னிரண்டு வீட்டுக்கும் எங்கள் வீட்டில் பிரியாணி. என் மாமியார் எஸ்தர் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டத்துக்கு இரண்டாவது பிரிவு ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் உட்கார வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல், நீளத்துக்குப் பாய், அறுபது இலை. ஏன் என்று கேட்டால் "அப்டித்தான்" என்பார். அத்தையிடம் இரண்டாவது தடவை ஏன் என்று கேட்ட ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அறுபது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். ஒரே நேரத்தில் பச்சடி வேண்டும். இந்தக் கோடியில் "சீலி, எலும்பு இல்லாம வை" என்றால் அந்தக் கோடியில் "சீலி, எலும்போட வை" என்பார்கள். (ஜெயசீலி என்பது என் முழுப்பெயர். அதை முழுசாகச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் நேரமிருக்காது.) அருள் என்ன செய்வார்? டிசம்பர் முதல் தேதி வாசலில் நட்சத்திரம் கட்டுவார். இருபத்தைந்தாம் தேதி பந்தி வரிசையைப் போட்டோ எடுப்பார். நடுவில் உள்ள இருபத்துமூன்று நாளும் அந்த நட்சத்திரத்தைப் பற்றியே பேசுவார். எல்லாரும் கை கழுவிவிட்டுப் போன பிறகு நான் பிரியாணி டேக்சாவின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவேன். முந்தின நாள்வரை ஓவர்டைம் பார்த்திருப்பேன், மறுநாள் விடியற்காலை ஏ ஷிப்டு. ஏழு கிறிஸ்துமஸ் இப்படிப் போயிற்று. எட்டாவதில் ஒரு தடவையாவது உட்கார்ந்து, சூடாக, ஒரு இலை பிரியாணி சாப்பிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் கம்பெனியில் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பண்டிகைக் காலத்தில் மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று தலைப்பு. ஷிப்டு முடிந்த பிறகு வைத்தார்கள். மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதற்காக நாங்கள் எல்லாரும் பஸ்ஸைத் தவறவிட்டோம். சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். கேன்டீன் பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். நான் நாலு எட்டு நடந்திருப்பேன், தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேனாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இவங்க ஒருத்தங்கதான் சரியா செய்யறாங்க" என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்காக யாரும் கைதட்டியதில்லை. அந்த நிமிடமே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார். "வீட்டு வேலையையும் கம்பெனி வேலை மாதிரி திட்டம் போடுங்க. ஒரே நேரத்துல குவியற வேலையைப் பிரிச்சுப் போடுங்க." மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு போண்டா எடுக்கப் போனார்கள். நான் மட்டும் கிழிந்த அட்டைப்பெட்டி மூடியில் அதை எழுதிக்கொண்டேன்.

அறுபது பேர் ஒரே நேரத்தில் வருவதுதானே சிக்கல்? இருபது இருபதாகப் பிரித்தால் தீர்ந்தது. அன்றைக்கு ராத்திரியே சார்ட் போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஏ ஷிப்டு. ஒரு மணிக்கு பி ஷிப்டு. இரண்டு மணிக்கு சி ஷிப்டு. அதிகம் பழக்கமில்லாத வீடுகள் ஏ. வேறு வீடுகளில் ஜெபம் முடித்துவிட்டு வருகிற பாஸ்டர் பி. எப்போது வேண்டுமானாலும் சாப்பிடக்கூடிய நெருங்கின ஆட்கள் சி. பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா குடும்பம், மும்தாஜ் அக்கா குடும்பம், என் மாமியார், நான். மூன்றாவது ஷிப்டில் கூட்டம் குறைந்திருக்கும், நானும் உட்கார்ந்துவிடலாம். மூன்று ஷிப்டு ஆட்களின் பெயரையும் போட்டு, வீட்டு வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். (கையெழுத்து எதற்கு என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.)

இருபத்துநான்காம் தேதி காலையில் அத்தை கோயில் ஜோடிக்கப் போன நேரம் பார்த்து, சீட்டுகளை எல்லா வீட்டிலும் கொடுத்தேன். குமாரி அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சீலி இது?"

"ஷிப்டுக்கா. கும்பலா வந்தா எனக்கு டென்ஷனாவுது. நீங்க ரெண்டு மணிக்கு வாங்க, போதும்."

"எங்களுக்கு சி ஷிப்டா?"

"நீங்க நம்ம ஊட்டு ஆளாச்சே. அதான்."

"சர்தான்" என்றார். அந்தச் சர்தானை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசரை முறைத்துக்கொண்டவனுக்குத்தான் வாரம் தவறாமல் ராத்திரி வேலையான சி ஷிப்டு விழும் என்பது கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். என் லைனில் எதிர்த்துப் பேசிய பெண்ணுக்கு நானே அப்படிப் போட்டிருக்கிறேன். அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

அருளிடம் பந்தல் வேண்டாம், இருபது பேருக்கு ஒரு பாய் போதும் என்றேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. பாத்தா அவுங்களே சந்தோசப்படுவாங்க."

"எனக்கு இன்னாமோ பேஜாரா கீது சீலி" என்றார்.

"உன் விசிலக் குடு. மணி ஆனா ஊதுவேன், ஏ ஷிப்டு எந்திரிக்கணும்."

விசிலைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகம் துப்பாக்கியைக் கொடுப்பவர் முகம் மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நாலு மணி ஆராதனை முடிந்ததும் நான் சமைக்க வந்துவிட்டேன். அத்தை, பாஸ்டரோடு வீடு வீடாக ஜெபத்துக்குப் போய்விட்டார். பின்கட்டில் இரண்டு டேக்சா. ஒன்று பன்னிரண்டு மணிக்குத் தயார். இன்னொன்றை ஒரு மணிக்குத் திறக்கிற கணக்கில் தம்மில் போட்டேன். எவ்வளவு நிதானம், எவ்வளவு ஒழுங்கு! டை கட்டியவர் பார்த்திருந்தால் மறுபடியும் கைதட்டியிருப்பார்.

பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருவே நின்றுகொண்டிருந்தது. முதல் ஆளாகப் பாயில் உட்கார்ந்திருந்தவர் குமாரி அக்காவின் கணவர் தேவராஜ் அண்ணன். அருள் வேலை செய்கிற அதே ஆலையில் வேலை.

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு மணி ஆச்சே?"

"எதிர் ஊட்டுக்காரன்கிட்ட மாத்திக்கினேம்மா. பாரு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கீறோம்" என்று சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"அப்ப எதிர் ஊட்டுக்காரரு?"

"அவன் இன்னொருத்தன்கிட்ட மாத்திக்கினான்."

கம்பெனியில் எங்களுக்கு ஷிப்டு பிடிக்கவில்லை என்றால் இப்படித்தான் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வோம். தெரு முழுக்க அதையே செய்திருந்தது. எல்லார் சீட்டிலும் கையெழுத்து இருந்தது. எப்படி மாற்றினார்களோ, என் கண்ணுக்கு ஒருவர்கூட சி ஷிப்டில் மிஞ்சியதாகத் தெரியவில்லை. முந்தியவர்கள் இருபது பேர் பாயில், மீதிப்பேர் வெயிலில். பந்தலும் இல்லை. நான் முதல் டேக்சாவைத் திறந்து இருபது பேருக்கும் ஓடி ஓடி வைத்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு இலைகள் காலி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சாப்ட்டு முடிச்சீங்கன்னா எந்திரிங்கண்ணே, அடுத்த ஷிப்டு நிக்கிது" என்றேன்.

"மாத்தி உட்ற ரிலீவர் வராம எப்பிடிம்மா எந்திரிக்கிறது? மெஷின அப்டியே உட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார் தேவராஜ் அண்ணன். பாய் முழுக்கச் சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "நான் ஓ.டி. பாக்கப்போறேன். இன்னும் ரெண்டு கரண்டி வை" என்றார். வெயிலில் நின்ற குமாரி அக்கா யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தீபாளிக்கு எங்க ஊட்ல இவளுக்கு மொத தட்டு. இவ ஊட்ல எங்களுக்குக் கடசி தட்டு."

நான் காதில் விழாதது போல் பின்கட்டுக்கு ஓடினேன். மணி ஒன்றாகப்போகிறது. இரண்டாவது டேக்சாவைத் திறக்க வேண்டும்.

நான் பின்கட்டில் இருந்த அந்த நேரத்தில் வாசலில் நடந்தது எனக்குத் தெரியாது. பாஸ்டரும் அத்தையும் வந்துவிட்டிருக்கிறார்கள். பந்தல் இல்லாத தெரு, எச்சில் இலையோடு உட்கார்ந்திருக்கிற இருபது பேர், வெயிலில் முறைத்துக்கொண்டு நிற்கிற நாற்பது பேர். பாஸ்டர் ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துக்கொண்டு, "முதல்ல எல்லாரும் எழும்பி நில்லுங்க, ஜெபிப்போம்" என்று சொல்லி ஆரம்பித்துவிட்டார். எங்கள் பாஸ்டர் ஜெபம் செய்தால் ஆதாமிலிருந்து வருவார். எல்லாரும் கண்ணை மூடி, பெண்கள் முக்காடு போட்டு, தெருவே அமைதியாகிவிட்டது.

அந்த அமைதி என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? ஏ ஷிப்டு ஒருவழியாக எழுந்து போய்விட்டது, வாசல் காலி என்றுதான். சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. அடுப்புப் புகையில் கண் தெரியாமல், ஒரு கையில் கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்று, இன்னொரு கையால் விசிலை எடுத்து, ஆலையில் அருள் ஊதுவதைவிட ஓங்கி மூன்று தடவை ஊதினேன்.

எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் இரும்பு ஆலைக்காரர்கள். அந்த விசில் கேட்டால் தலைக்கு மேலே பாரம் வருகிறது என்று அர்த்தம். கண்ணை மூடி நின்றவர்கள் ஒரே பாய்ச்சலில் சுவரோரம் ஒதுங்கி மேலே பார்த்தார்கள். தேவராஜ் அண்ணன் ஒரு படி மேலே போய், "தள்ளு பாஸ்டரே, தள்ளு!" என்று கத்திக்கொண்டு பாஸ்டரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்து, எங்கள் வீட்டுக் குரோட்டன்ஸ் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள்.

நான் கரண்டியும் விசிலுமாக நின்றேன். பூமி பிளக்கவில்லை.

அத்தை மெதுவாக முக்காட்டை எடுத்தார். யாரோ கொடுத்திருந்த சீட்டு அவர் கையில் இருந்தது.

"இன்னாடி இது? எனக்கு சி ஷிப்டா? எல்லாரும் துன்னதுக்கு அப்பறமா?"

"அத்தே, கூட்டம் கொறஞ்சப்பறம் நீங்க நிம்மதியா…"

"நிம்மதியா? அந்தக் காலத்துல ஆரணிப் பக்கம் நடவுக்குப் போவசொல்ல, நெலத்துக்கார ஆண்ட ஊட்ல விசேசம்னா எங்கள வேலியோரமா குந்த வெப்பாங்க. அவுங்க துன்னு, அவுங்க சனம் துன்னு, நாய்க்கும் போட்டுட்டு அப்பறம்தான் எங்களுக்கு. எம்மா நேரம் குந்திக்கினு இருப்போம் தெரியுமா? எங்கூடுன்னு ஒண்ணு கட்னா அதுல கடசிப் பந்தியே இருக்கக்கூடாதுன்னுதான் எல்லாரையும் ஒண்ணா குந்த வெச்சேன். நீ எனக்கே சீட்டு எழுதிக் குடுத்துக்கீறியா?"

ஏழு வருடமாக 'அப்டித்தான்' என்று சொன்னதற்குப் பின்னால் இருந்தது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நியாயமாக அந்த இடத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். கதைகளில் அப்படித்தான் வரும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. அறுபது பேருக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினேன்.

"கடசிப் பந்தி இல்லன்னு யார் சொன்னது? ஏழு வருசமா இந்த ஊட்ல கடசிப் பந்தி துன்னுக்கினு கீறது நான்தான் அத்தே! அதுவும் நின்னுக்கினு! உங்க புள்ள எடுத்த போட்டோவெல்லாம் எடுத்துப் பாருங்க. எதுலயாவது நான் குந்திக்கினு கீறனா? ஒண்ணே ஒண்ணுல என் கை தெரியிது. கரண்டியோட!"

குமாரி அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அது நெசந்தான்" என்றார் மெதுவாக. "நம்ம போட்டோல இவள நானும் பாத்ததில்ல."

அத்தை தோற்கிற ஆள் இல்லை. "அப்ப குந்துடி! உன்ன யார் வேணான்னது?" என்று திருப்பிக் கத்தினார்.

"நான் குந்துனா யார் பரிமாற்றது?"

அறுபது பேரும் யோசித்தார்கள். அவ்வளவு பெரிய கேள்வியா அது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நட்சத்திரத்துக்குக் கீழே கேமராவோடு நின்றுகொண்டிருந்த அருளிடம் நேராகப் போனேன். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு கரண்டியைக் கையில் திணித்தேன். திரும்பி வந்து எச்சில் இலை ஒன்றைத் தள்ளிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் கழித்து அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அருளு, எல்லாப் பாயும் எட்டாந்து போடு. எல்லாரும் ஒண்ணா குந்தட்டும். இவளுக்குக் கறி அதிகமா வை" என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் இரண்டாவது டேக்சா அடிபிடித்துவிட்டது. வாசம் எதிர்த் தெருவரை போனது. அருள் அதை அப்படியே தூக்கி வந்தார். பரிமாறத் தெரியவில்லை. கான்கிரீட் கொட்டுவது மாதிரி கொட்டினார். தேவராஜ் அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, அவரும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டார். குரோட்டன்ஸ் இலை ஒட்டிய வெள்ளை அங்கியோடு பாஸ்டர் தண்ணீர் ஊற்றினார். முதல் தடவை சாப்பிட்ட இருபது பேரும் கூச்சமே இல்லாமல் மறுபடி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு அரை வயிறு, அதுவும் கருகின பிரியாணி. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அருளை, "தண்ணி", "பச்சடி", "எலும்பு இல்லாம" என்று மூன்று தடவை ஓடவிட்டேன். வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் பசி அதைவிட அதிகமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மோசமான பிரியாணி அது. அதைவிட நன்றாகச் சாப்பிட்டதும் இல்லை.

சரியாக இரண்டு மணிக்கு மும்தாஜ் அக்கா குடும்பத்தோடு வந்தார். கையில் சீட்டு. தெரு மொத்தத்திலும் நான் எழுதிய நேரத்தை மதித்த ஒரே வீடு கடை வைத்திருக்கிறவர்கள்தான். நான் பாயில், ஆண்கள் வாளியோடு. "நாம தெரு மாறி வந்துட்டமா?" என்று கணவரைக் கேட்டார். சும்மா கிடந்த கேமராவை எடுத்து எங்களைப் போட்டோ பிடித்தவரும் அவர்தான். பிறகு அவர்களுக்குச் சோறு இல்லாமல் முட்டை பொரித்துக் கொடுத்தோம். அதைச் சொல்லிக் காட்டாத ரம்ஜான் இதுவரை வரவில்லை.

மன அழுத்தம் குறைந்ததா? எனக்குக் குறைந்தது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை, அருளிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடத்திலிருந்து பந்தலும் உண்டு, ஒரே வரிசையும் உண்டு, பரிமாறுகிறவர்களுக்கு மட்டும் நான் ஷிப்டு சார்ட் போடுகிறேன். அதில் பெண்கள் பெயர் இருக்காது. எங்கள் குடும்பத்தில் யாராவது பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் "ரிலீவர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு வந்த பாஸ்டர்கள் யாரும் எங்கள் வீட்டில் நீண்ட ஜெபம் செய்ததில்லை. முன்னால் இருந்தவர் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

மும்தாஜ் அக்கா எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். அதில் எனக்கு வாய் நிறையச் சோறு, மூக்கு சிவப்பு, கன்னத்தில் கரி. பக்கத்தில் அத்தை எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கழற்று என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்து, "இது எந்த வருசத்து துக்கம்?" என்று கேட்டார்கள். நான் டீ போட்டு எடுத்துவருவதற்குள் அருள் விசில் வரைக்கும் மொத்தத்தையும் சொல்லி முடித்திருந்தார். பையனின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வர்ற கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு எந்த ஷிப்டு சம்பந்தி?"

"நீங்க நேரா வந்து என் பக்கத்துல குந்துங்க சம்பந்தி. தம்பிக்கு மட்டும் டியூட்டி கீது" என்றேன்.

பையன் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அருள் எழுந்துபோய் அவன் தோளில் கை போட்டார்.

"வா நைனா, டேக்சா எங்க கீதுன்னு காட்றேன்."